வாய்க்காலை மூட வேண்டாம், அந்தச் சிலாப்பைப் போடுங்கள்

அர்ஜென்டினாவின் மெண்டோசா நகரத்தில் நடைபாதைகளுக்கும் தெருவோர வாய்க்கால்களுக்கும் பொறுப்பானவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஊருக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. முதல் ஏழு நாளும் அம்மாவும் நானும் நடந்துகொண்டே இருந்தோம். ஐந்து நாளாக அம்மா கட்டிலில் கிடக்கிறார், இடது கணுக்காலில் மாவுக்கட்டு. காரணம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே ஓடும் வாய்க்காலைத் தாண்டப் போட்ட சின்னப் பாலத்தில் ஒரு சிலாப் இல்லை, அவ்வளவுதான்.

வாய்க்காலை மூடுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. அம்மா காவிரிக் கடைமடையில் பிறந்தவர். வந்த இரண்டாம் நாள் காலை, காய்ந்து கிடந்த அசேக்கியாவில், அதாவது நீங்கள் அப்படி அழைக்கும் இந்தத் தெருவோர வாய்க்காலில், தண்ணீர் வந்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். தண்ணீரின் நுனி, சருகையும் தூசியையும் ஒரு பழுப்புச் சுருளாக முன்னால் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு மரத்தடியிலும் கொஞ்சம் தயங்கி, குழியை நிரப்பிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனது. "முறைத் தண்ணி" என்றார் அம்மா. அவருக்கு ஸ்பானிஷ் ஒரு சொல் தெரியாது, ஆனால் அந்தத் தண்ணீர் என்ன செய்கிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வருடத்துக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடத்தில், தெரு முழுக்க மல்பெரியும் பிளேன் மரங்களும் கூரை போட்டு நிற்பது ஆண்டிஸ் மலையின் பனி உருகி இந்த வாய்க்கால் வழியாக வருவதால்தான். 1561இல் ஸ்பானியர்கள் இங்கே ஊர் அமைப்பதற்கு முன்பே இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஹுவார்ப்பே மக்கள் வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்திருக்கிறார்கள். 1861 நிலநடுக்கத்தில் ஊரே தரைமட்டமான பிறகும் புது ஊரை அகலத் தெருக்களோடும் சதுக்கங்களோடும் வாய்க்கால்களோடும்தான் கட்டினார்கள். அதை மூடச் சொல்ல நான் யார்? நான் கேட்பது ஒரு சிலாப்.

நடந்ததைச் சொல்கிறேன். இந்த ஊரில் பகல் ஒரு மணிக்குக் கடைகள் அடைத்தால் ஐந்து மணி வரை தெருவில் ஆள் கிடையாது. வெயில் தாழ்ந்த பிறகுதான் குழந்தைகளோடும் தாத்தா பாட்டிகளோடும் எல்லோரும் வெளியே வருகிறார்கள், இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்பது, பத்து ஆகிவிடுகிறது. அதாவது வயதானவர்கள் அதிகம் நடக்கிற நேரமே இருட்டுகிற நேரம்தான். ஸ்பெயின் சதுக்கத்தில் ஓவியம் தீட்டிய ஓடு பதித்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். இரண்டு தெரு தள்ளி ஒரு முனை. விளக்குக் கம்பம் இருக்கிறது, விளக்கும் எரிகிறது, ஆனால் மரத்தின் கிளைகள் அதற்குக் கீழே விரிந்திருக்கின்றன. இலைகளின் மேல்பக்கம் பளீரென்று இருக்கிறது, கீழே நடைபாதை கன்னங்கரேல். அம்மா ஒரு கால் வைத்தார், அந்தக் கால் இறங்கிக்கொண்டே போனது. இடுப்பளவு ஆழம். தண்ணீர் இல்லை, அடியில் உடைந்த கல்லும் பிளாஸ்டிக் பாட்டிலும் கிடந்தன. அவர் கத்தக்கூட இல்லை, கையில் இருந்த திராட்சைப் பையை மட்டும் மேலே பிடித்துக்கொண்டிருந்தார்.

எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தார், இன்னொருவர் நாற்காலி கொண்டுவந்தார், யாரோ ஒரு பையன் டாக்ஸி பிடித்தான். அவர்களுக்கு ஆயுள் முழுக்க நன்றி சொல்வேன். ஆனால் அந்தப் பெண் சொன்ன ஒரு விஷயம்தான் இந்த மடலுக்குக் காரணம்: அந்தச் சிலாப் போன கோடையிலேயே உடைந்துவிட்டதாம், அதே பள்ளத்தில் அவருடைய மாமனாரும் விழுந்தாராம், சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லியும் ஆயிற்றாம். மறுநாள் நானே போய்க் கேட்டேன். பாலம் வீட்டுக்காரர் பொறுப்பு என்றார் ஒருவர். தெருமுனைப் பாலம் எந்த வீட்டுக்காரருடையது என்று கேட்டால், அது வேறு பிரிவு. அந்தப் பிரிவுக்குப் போனபோது மணி ஒன்று, கதவை அடைத்துவிட்டார்கள்.

சரி, நான் வந்து போகிறவன். தங்கும் விடுதியில் ஒரு இளைஞர் சிரித்தபடியே, "எல்லா வெளியூர்க்காரர்களும் ஒரு தடவை விழுவார்கள்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முனையில் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு வந்த ஓர் இளம் தாய், வாய்க்காலைத் தாண்ட முடியாமல் தெரு நடுவில் கார்களோடு போவதை நான் பார்த்தேன். பார்வை இல்லாத ஒருவர், சக்கர நாற்காலியில் ஒருவர், அவர்கள் எப்படிப் போவார்கள்? இவர்கள் யாரும் வெளியூர்க்காரர்கள் இல்லையே, உங்கள் மக்கள்தானே. வீட்டுக்கு முன்னால் இருக்கிற டைல்ஸைக் காலையில் துடைத்துப் பளபளவென்று வைத்துக்கொள்கிற மக்கள். அவர்கள் வாசலை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், முனையை யார் பார்ப்பது?

அப்புறம் இந்த வாய்க்கால் பற்றி உங்கள் ஊருக்கு எவ்வளவு பெருமை. 1884இலேயே தண்ணீருக்கென்று தனிச் சட்டம் போட்ட மாகாணம் இது. 2019 டிசம்பரில் சுரங்கத்துக்காகத் தண்ணீர்ப் பாதுகாப்புச் சட்டத்தைத் தளர்த்தியபோது, மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கிச் சில நாட்களிலேயே அதை ரத்து செய்ய வைத்தார்கள். திராட்சை அறுவடைத் திருவிழா வந்தால் ஊரே விளக்கும் ஊர்வலமுமாக ஆகிவிடுகிறது. தோட்டத்துக்குப் போகிற சொட்டுத் தண்ணீருக்கும் கணக்கு வைத்திருக்கிறீர்கள். நடப்பவன் கால் வைக்கிற இடத்துக்கு மட்டும் கணக்கு இல்லாமல் போனது எப்படி? வாய்க்காலில் பிளாஸ்டிக் அடைத்துக் கிடப்பதும் இதே அலட்சியம்தான், அடைத்தால் கடைசி மரம் காய்கிறது. கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

தயவுசெய்து அந்தச் சிலாப்பைப் போடுங்கள். தெருமுனைப் பாலங்களை ஒருமுறை ஆள் விட்டு நடந்து பார்க்கச் சொல்லுங்கள், பகலில் அல்ல, இரவு ஒன்பது மணிக்கு. எங்கே சிலாப் இல்லையோ அங்கே போடுங்கள், வாய்க்கால் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு அடியுங்கள், விளக்கைக் கிளைக்குக் கீழே இறக்குங்கள். யார் பொறுப்பு என்பதை அதற்குப் பிறகு நிதானமாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு அந்தப் பள்ளத்தின் மேல் எதிர் வீட்டுப் பெண் ஒரு பழைய கதவைப் போட்டு வைத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் ஊருக்குக் கிளம்புகிறோம். அதற்கு முன்னால் இன்னொரு தடவை தண்ணீர் வருவதைப் பார்க்க வேண்டும் என்கிறார் அம்மா. ஜன்னலோரமாக நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறேன்.

பணிவுடன்,
அம்மாவோடு வந்த ஒரு பயணி