ஆகஸ்ட் மாச ஹமில்ரன் நீர்வீழ்ச்சி நடை பற்றின முறைப்பாடு

மனேஜர் அவர்களுக்கு வணக்கம்,

ஆகஸ்ட் மாசம் ரெண்டாவது சனிக்கிழமை உங்கட கொம்பனி ஸ்காபுறோவில இருந்து ஹமில்ரனுக்குக் கூட்டிக்கொண்டு போன நீர்வீழ்ச்சி நடைக்கு நாங்கள் அஞ்சு பேர் வந்தனாங்கள். நான், மனிசி, ரெண்டு பிள்ளையள், ஊரில இருந்து வந்து நிண்ட என்ர மாமி. தலைக்கு 95 டொலர் படி 475 டொலர், மூண்டு கிழமைக்கு முன்னமே முழுக்காசும் கட்டியாச்சு. அண்டைக்கு நடந்ததைப் பற்றி ரெண்டு தரம் போன் எடுத்துக் கதைச்சன், ரெண்டு தரமும் "தண்ணி வராட்டி நாங்கள் என்ன அண்ணை செய்யிறது, அது இயற்கைதானே" எண்டு ஒரே பதில். இயற்கையில நான் குறை சொல்லேல்ல. நீங்கள் செய்ததைத்தான் சொல்லுறன். அதுதான் இருந்து எழுதுறன், கொஞ்சம் நீளமா வரும், தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கோ.

ஹமில்ரன் எனக்குப் புது இடம் இல்லை. 11 வருசம் பேர்லிங்டன் ஸ்ரீற் பக்கம் ஒரு இரும்பு ஃபக்டரியில நைற் ஷிப்ற் செய்தனான். எங்கட சனத்துக்கு ஹமில்ரன் எண்டா நயாகராவுக்குப் போகேக்க ஸ்கைவே பாலத்தில வலப்பக்கம் தெரியிற புகைக்கூடுகள்தான், கண்ணாடியை ஏத்திப்போட்டு விட்டா நேர நயாகராதான். ஸ்ரெல்கோ 1910இலயும் டொஃபாஸ்கோ 1912இலயும் எண்டு ரெண்டு இரும்புக் கொம்பனி தொடங்கி நூறு வருசத்துக்கு மேல இரும்பு உருக்கிற ஊர் அது, புகை இருக்கும்தான். ஆனா அந்தப் புகைக்கூடுகளுக்குப் பின்னால ஊரைக் குறுக்க அறுத்துக்கொண்டு நயாகரா எஸ்கார்ப்மன்ற் நிக்குது, பெரிய கல் மதில் மாதிரி, ஊராக்கள் அதை மவுண்டன் எண்டுதான் சொல்லுவினம். அந்த மதிலால விழுற நீர்வீழ்ச்சி ஹமில்ரனுக்குள்ள மட்டும் 100க்கு மேல இருக்கு. விடிய ஷிப்ற் முடிஞ்சு காதுக்குள்ள இரைச்சலோட வந்து அல்பியன் ஃபோல்ஸ் எண்ட நீர்வீழ்ச்சிப் பக்கம் காரை விட்டுட்டு அரை மணித்தியாலம் நடந்தா அந்த இரைச்சல் போயிடும், தண்ணிச் சத்தம்தான் மிஞ்சும். என்ர அந்தப் 11 வருசத்தை நான் கொண்டிழுத்தது அந்த நடையாலதான் எண்டு சொன்னாலும் பிழையில்ல. அதாலதான் இவ்வளவு கோவம் வருது.

மாமி அராலிப் பக்கம். யாழ்ப்பாணத்தில ஆறு எண்டு சொல்ல வழுக்கையாறு ஒண்டுதான், அதுவும் மாரி மழைக்கு மட்டும் ஓடிப்போட்டு காஞ்சிடும், மிச்சமெல்லாம் கிணத்துத் தண்ணி. 71 வயசில முதல் தரம் கனடாவுக்கு வந்தவ, வந்த அண்டையில இருந்து கேட்டது ஒண்டே ஒண்டுதான், தண்ணி மேல இருந்து விழுறதைக் கிட்ட நிண்டு பாக்கவேணும். நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போனம், சனத்துக்குள்ள நசிபட்டு தூரத்தில நிண்டு பாத்திட்டு வந்தா. அப்ப நான் சொன்னன், மாமி, நான் வேலை செய்த ஊரில காட்டுக்குள்ள நடந்து போய்ப் பாக்கலாம், அங்க கூட்டிக்கொண்டு போறன் எண்டு. எனக்குக் கண் ஒப்பரேசன் செய்து கார் ஓடக்கூடாது எண்டு சொல்லியிருந்த நேரம், அந்த நேரத்திலதான் உங்கட விளம்பரம் கண்ணில பட்டது. "நாலு நீர்வீழ்ச்சி, 5 கிலோமீற்றர் காட்டு நடை, வயசான ஆக்களுக்கும் ஏற்றது" எண்டு இருந்தது, எங்கட ஆக்கள் நடத்துறது எண்டு நம்பித்தான் காசு கட்டினது.

எனக்குத் தெரியாதே ஆகஸ்டில தண்ணி குறையும் எண்டு நீங்கள் கேக்கலாம். தெரியும், தெரிஞ்சபடியாத்தான் புக் பண்ண முதலே உங்கட ஒஃபிஸுக்கு எடுத்து "இந்த வருசம் மழை காணாது, ரியூஸ் ஃபோல்ஸ் நீர்வீழ்ச்சியில தண்ணி இருக்குமோ" எண்டு குறிப்பாக் கேட்டனான். "போன கிழமையும் போனனாங்கள் அண்ணை, நல்லாக் கொட்டுது" எண்டு சொன்னவை. இந்த ஒரு பொய்யைத்தான் என்னால விட ஏலாம இருக்கு.

அண்டைக்கு 8 மணிக்கு மார்க்கம் றோட்டுக்கு வரவேண்டிய வான் 9.40க்கு வந்தது. அதுக்குப் பிறகு பிறம்ரன், மிசிசாகா எண்டு ஆக்களை ஏத்தி ஏத்திப் போய்ச் சேரேக்க மத்தியானம். ரியூஸ், வெப்ஸ்ரர் எண்ட ரெண்டு நீர்வீழ்ச்சியும் இருக்கிற ஸ்பென்சர் பள்ளத்தாக்குக்கு முன்கூட்டியே நேரம் குறிச்சுப் புக் பண்ணித்தான் போகவேணும், அது உங்களுக்குத் தெரியும், அப்பிடியிருக்க குறிச்ச நேரத்தில பாதி றோட்டிலயே போயிட்டுது. ஓடுங்கோ ஓடுங்கோ எண்டு எங்களை மரப் படிக்கட்டில கலைச்சவை. மாமிக்கு முழங்கால் ஏலாது, அது புக் பண்ணேக்கயே சொன்னது. "ஏற்றது" எண்டு விளம்பரம் போட்டவை படி இருக்கு எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்ல. ஒரு பக்கம் நானும் மற்றப் பக்கம் மகளும் பிடிச்சு ஒவ்வொரு படியா இறக்கினம்.

இறங்கி ரியூஸைப் பாக்கிற மேடைக் கம்பியைப் பிடிச்சுப் பாத்தா தண்ணி இல்லை. 41 மீற்றர் உயரம், நயாகராவை விடக் கொஞ்சம்தான் குறைவு எண்டு கைட் தம்பி சொல்லிக்கொண்டு நிண்டவர், உயரம் சரிதான், ஆனா அந்த உயரம் முழுக்க வெறும் கல்லு. கிணத்துக்கட்டில வாளி முட்டி ஒழுகின மாதிரி கறுப்பா ஒரு ஈரக் கோடு மட்டும் கீழ வரைக்கும் போகுது. மாமி கன நேரம் பாத்துக்கொண்டு நிண்டிட்டு என்னட்டை மெதுவாக் கேட்டா, "தம்பி, தண்ணி திறந்து விடுற நேரம் இன்னும் ஆகேல்லையோ?" எண்டு. எனக்கு வாயில பேச்சு வரேல்ல.

உங்கட ஒஃபிஸில இருக்கிற ஆக்களுக்கு இதைச் சொல்லவேணும். நயாகராவுக்குப் பின்னால ஈரி ஏரி முழுக்க நிக்குது, அது எந்த மாசமும் கொட்டும். ஹமில்ரனில அப்பிடி இல்லை. அங்க விழுறதெல்லாம் சின்னச் சின்ன ஓடை. ரியூஸில விழுறது லோகீஸ் கிறீக், வெப்ஸ்ரரில விழுறது ஸ்பென்சர் கிறீக், அதுகளில பனி உருகிற மார்ச் ஏப்ரல் மாசத்தில தண்ணி பொங்கும், பிறகு நல்ல மழை பெய்தா ரெண்டு மூண்டு நாளைக்கு வரும், வெயில் காலம் சிலது நூல் மாதிரி, சிலது அதுவும் இல்லை. இது அங்க நடக்கப் போற எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், இதை விக்கிற உங்களுக்குத் தெரியாம இருக்க வழியில்ல. விளம்பரத்தில போட்டிருக்கிறது வெப்ஸ்ரரின்ர படம், மரமெல்லாம் அப்பத்தான் துளிர் விடுது, வசந்தத்தில எடுத்த படத்தைப் போட்டு ஆகஸ்டில ஆக்களை ஏத்தியிருக்கிறியள். அந்த வெப்ஸ்ரரையும் கடைசியில காட்டேல்ல, நேரம் முடிஞ்சுது எண்டு வானில ஏறச் சொல்லிட்டினம்.

இவ்வளவும் காசுக் கணக்கு. இனிச் சொல்லப் போறது உயிர்க் கணக்கு.

அல்பியன் ஃபோல்ஸில விழுந்து ஆக்கள் செத்தபடியாத்தான் 2017இல சிற்றி வேலி போட்டது. தாண்டிப் போனா தண்டம் எண்டு அறிவித்தல் பலகை இருக்கு, அந்தப் பள்ளத்துக்குள்ள மாட்டுப்படுற ஆக்களை தீயணைப்புப் படை கயிறு கட்டி இறங்கித்தான் தூக்கவேணும். அண்டைக்கு ரெண்டாவதாப் போன அந்த அல்பியனில உங்கட கைட் தம்பி, தண்ணி குறைவு, கிட்டப் போனாத்தான் வடிவாத் தெரியும் எண்டு சொல்லி, வேலி முடியிற இடத்தால ஒரு ஒற்றையடிப் பாதையைக் காட்டி "இதால கனபேர் போறவை, ஒண்டும் செய்யாது" எண்டு முன்னுக்கு நடந்தவர். 12 பேர் பின்னால போச்சினம். நான் வேண்டாம் எண்டு சொல்லிக்கொண்டிருக்க என்ர 13 வயசுப் பொடியனும் மற்றப் பிள்ளையளோட போயிட்டான். எஸ்கார்ப்மன்ற் எப்பிடி எண்டா மேல வைரமான டோலமைற் கல்லு, கீழ ஷேல் எண்ட மெல்லிய தட்டுக் கல்லு, தண்ணி அந்த மெல்லிசை அரிச்சு அரிச்சுத்தான் நீர்வீழ்ச்சியே உண்டாகினது. அந்தத் தட்டில காலை வச்சா பப்படம் மாதிரி நொருங்கும். நான் ஓடிப் போய்ப் பொடியனின்ர முதுகுப் பையின்ர பட்டியைப் பிடிச்ச அந்த நேரம் அவன்ர வலது சப்பாத்துக்குக் கீழ இருந்த கல்லு கழண்டு போச்சு. அது கீழ போய் விழுற சத்தம் கேக்க எவ்வளவு நேரம் எடுத்தது எண்டு எனக்கு இப்பவும் நினைவிருக்கு. பட்டி அறுந்திருந்தா இந்தக் கடிதம் உங்களுக்கு வராது, பொலிசுக்குத்தான் போயிருக்கும்.

இதைப் போனில சொன்னதுக்கு "அந்தத் தம்பி புதுசு" எண்டு சொன்னியள். புதுத் தம்பியைப் பழக்காமல் 14 உயிரை அவரிட்டை குடுத்தது ஆர்? அந்தப் பிள்ளையில பழியைப் போடாதேங்கோ, அவரை வேலையால நிப்பாட்டவும் வேண்டாம், வேலிக்கு உள்ளுக்கு நிண்டே வடிவாப் பாக்கிற இடம் அங்க இருக்கு, அதை அவருக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்ல.

மூண்டாவதும் நாலாவதும் எண்டு போட்டிருந்த ரிஃபனியும் டெவில்ஸ் பஞ்ச்போலும் இல்லவே இல்லை. அதுக்குப் பதிலா ஒரு பிளாசாவில சாப்பாட்டுக்கடை வாசலில ஒண்டேகால் மணித்தியாலம். 5 கிலோமீற்றர் நடை எண்டது என்ர போனில 1.2 கிலோமீற்றர், அதிலயும் பாதி பார்க்கிங். எஸ்கார்ப்மன்ற் வழியாப் போற நீண்ட நடைபாதை புறூஸ் ட்ரெயில், அதின்ர வெள்ளைக் கோடு போட்ட மரம் ஒண்டைக்கூட என்ர பிள்ளையள் காணேல்ல. டெவில்ஸ் பஞ்ச்போலுக்குப் போயிருந்தா தண்ணி இல்லாட்டியும் பரவாயில்ல, அந்தக் கல்லு சிவப்பும் சாம்பலுமா அடுக்கடுக்கா நிக்கிறதே பாக்கக் காணும், அங்க மேல நிக்கிற சிலுவைக்குப் பக்கத்தில நிண்டா முழு ஊரும் துறைமுகமும் தெரியும். அந்தா அந்தப் புகைக்கூட்டுப் பக்கம்தான் மாமி நான் வேலை செய்தது எண்டு காட்ட நினைச்சிருந்தன்.

செப்ரெம்பரில ரெண்டு நாள் விடாமல் மழை பெய்தது. அடுத்த நாள் விடிய மச்சான் கார் ஓட மாமியை ரிஃபனிக்குக் கூட்டிக்கொண்டு போனம். பார்க்கிங்கில இருந்து கொஞ்சத் தூரம்தான், மரப் பாலமெல்லாம் போட்டிருக்கு, அவவின்ர பாட்டில ஆறுதலா நடந்து வந்தா. 21 மீற்றர் உயரத்தால தண்ணி விழுந்து மூக்குக்கண்ணாடி முழுக்கத் தூவானம். துடைக்கத் துணி நீட்டினன், வேண்டாம் எண்டிட்டா. இதுக்கு எங்களுக்கு முடிஞ்சது பெற்றோல் காசும் பார்க்கிங் காசும். சக்கர நாற்காலியே போகக்கூடிய பாதை ஃபெல்கேர்ஸ் ஃபோல்ஸ் பக்கம் இருக்கு. வயசான ஆக்களைக் கூட்டிக்கொண்டு போக இடமில்ல எண்டு இல்லை, நீங்கள் தேடிப் பாக்கேல்ல.

எனக்கு வேண்டியது, அஞ்சு பேரின்ர 475 டொலரும் முழுசாத் திரும்ப வரவேணும், அடுத்த பயணத்தில கழிக்கிறம் எண்ட கதை வேண்டாம், நாங்கள் திரும்ப வரமாட்டம். அண்டைக்கு வானில வந்த மற்ற ஆக்களும் கேட்டா அவைக்கும் அதே மாதிரிக் குடுக்கவேணும். விளம்பரத்தில அந்த மாசத்தில எடுத்த படத்தைப் போடுங்கோ, படி எத்தினை எண்டும் போடுங்கோ. வேலி தாண்டக்கூடாது எண்டு கைட்மாருக்கு எழுத்தில குடுத்து அதின்ர கொப்பி ஒண்டை எனக்கும் அனுப்பவேணும். இது இல்லாமல் காசு மட்டும் வந்தா இந்த விசயத்தை நான் விடமாட்டன், ஏனெண்டா அடுத்த சனிக்கிழமையும் உங்கட வான் அல்பியனுக்குப் போகுது எண்டு விளம்பரத்தில கிடக்கு.

றிசீற், அண்டைக்கு ரியூஸில எடுத்த படம், அந்த ஒற்றையடிப் பாதையின்ர படம் எல்லாம் இதோட வைச்சிருக்கிறன். போனில வேண்டாம், 10 நாளுக்குள்ள எழுத்தில பதில் தாங்கோ.

நன்றி.