லோரி ரூட் சாஃப்ட்வேர் வாங்குமுன்

பத்தாங் பெர்ஜுந்தை
ஞாயிறு

அன்பு மாப்ளே,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லாரும் சுகம். அம்மா உன்னை விசாரித்தார்கள், தீபாவளிக்கு வந்தே ஆகவேண்டுமாம். கிராணி மகனுக்குப் பெண் முடிவாகிவிட்டது, அந்தச் சைக்கிள் கதையைக் கல்யாணத்தில் நீதான் சொல்லவேண்டும்.

உன் ஹார்ட்வேர் கடை லோரிகளுக்கு ரூட் போட சாஃப்ட்வேர் வாங்கப்போவதாகத் தம்பி சொன்னான். தாராளமாக வாங்கு. ஆனால் இதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் உன்னோடு பேசமாட்டேன்.

சாஃப்ட்வேருக்கு ரோடு தெரியும், சைட் கேட் தெரியாது. டீ.ஓ.வில் (சரக்கோடு போகும் டெலிவரி சீட்டில்) இருப்பது பெரும்பாலும் மேம்பாட்டாளர் அலுவலக முகவரி. இங்கே புஞ்சாக் ஆலாம் பக்கம் புதுத் தாமான் (குடியிருப்பு) கட்டும்போது, லோரி நுழைகிற வழி பின்பக்கச் செம்மண் ரோட்டில் இருக்கும். முதல் லோடு இறக்கும்போதே, நிற்கிற இடத்தின் லொகேஷனை டிரைவர் வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும், அதைப் பதிவு செய். கட்டடம் எழும்ப எழும்ப கேட் மாறும், அதையும் அவ்வப்போது திருத்து.

கூகுள் மேப்ஸும் வேஸும் காருக்குத்தான் நேரம் சொல்கின்றன. உயரம், நீளம், மொத்த எடை, அச்சு எடை இவற்றைக் கேட்காத சாஃப்ட்வேர் உனக்கு வேண்டாம். 200 மூட்டை சிமெண்டு என்றால் சரக்கு மட்டுமே 10 டன், லோரியின் சொந்த எடை தனி. 12 மீட்டர் கம்பி ஏற்றிய டிரெய்லர் செம்பனைத் தோட்டத்து வளைவில் திரும்பாது. தோட்டத்துச் சின்னப் பாலங்களின் எடை வரம்பு வரைபடத்தில் பெரும்பாலும் இருக்காது. யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அதை நாமே பதியலாம். வல்ஹல்லா போன்ற இலவச ரூட் எஞ்சின் லோரி கணக்கில் அதைப் படித்து வேறு வழி காட்டும். பாலத்தில் பலகை இல்லையா? தோட்ட மேனேஜரிடம் கேள், குத்துமதிப்பாகப் போடாதே.

இனி சொல்வதுதான் முக்கியம். நம் தொழிலில் நேரம் போவது ரோட்டில் இல்லை, இறக்குகிற இடத்தில். எல்லா நிறுத்தத்துக்கும் ஒரே மாதிரி 10 நிமிடம் என்று விட்டுவிடாதே. 200 மூட்டையை இரண்டு பேர் தோளில் இறக்கினால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். முதல் சைட்டிலேயே 50 நிமிடம் பிந்தினால், மூன்றாவது சைட்டுக்குப் போகும்போது காவலாளி கேட்டைப் பூட்டியிருப்பார், சரக்கு அப்படியே திரும்பும். வரைபடத்தில் கேட்டைச் சுற்றி 100 மீட்டர் வட்டம் போட்டு, ஜி.பி.எஸ். காட்டும் நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் எடு. சிமெண்டு, செங்கல், பி.ஆர்.சி. வலை (கான்கிரீட்டுக்குள் போடும் கம்பி வலை) என்று பிரித்து, கை இறக்கமா கிரேனா என்பதையும் குறி. சராசரி எடுக்காதே, வரிசைப்படுத்தி நடு எண்ணை எடு. சேற்றில் மாட்டிய ஒரு நாள் சராசரியைக் கெடுத்துவிடும்.

வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் இறக்க ஆள் இருக்காது, அந்த நேரத்தை அடைத்துவிடு. சீனப் பெருநாளுக்கும் ஹரி ராயாவுக்கும் லோரித் தடை நாள்கள் அறிவிப்பார்கள், அவற்றையும் ஏற்று. கடைசியில் இறக்குவதை முதலில் ஏற்றவேண்டும் அல்லவா? அதனால் ஏற்ற ஆரம்பித்ததும் வரிசையைப் பூட்டு. பிறகு சாஃப்ட்வேர் வரிசையை மாற்றினால் மேலே கிடக்கும் செங்கல்லை இறக்காமல் அடியில் இருக்கும் கம்பியை எடுக்க முடியாது.

எந்த லோரி எந்த வழியில் போவது என்ற இந்தக் கணக்கை 1959லேயே டான்ட்சிக், ராம்சர் என்ற ஆய்வாளர்கள் பெட்ரோல் ஏற்றிப் போகும் லோரிகளுக்குப் போட்டார்கள். கணக்கு பழையதுதான், நாம் கொடுக்கும் எண்கள்தான் அதற்கு உயிர்.

ரெடிமிக்ஸும் (கலந்தே வரும் கான்கிரீட்) எடுக்கப்போகிறாயாமே? ஏற்றி, போய், கொட்டி, கழுவித் திரும்ப 110 நிமிடம், சைட்டுக்கு 20 நிமிடத்துக்கு ஒரு லோரி வேண்டும் என்றால் 6 லோரி தேவை. ஐந்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதே. கலந்ததிலிருந்து கொட்டி முடிக்க 90 நிமிடம் என்பது பழைய வரம்பு. நம் வெயிலில் அதற்கு முன்பே இறுகத் தொடங்கும். தண்ணீர் ஊற்றி இளக்கினால் கான்கிரீட்டின் பலம் குறைந்துவிடும்.

இன்னொன்று, மாப்ளே. பொய் நேரம் போட்ட அட்டவணையைக் கையில் கொடுத்தால், டிரைவர் அதை ரோட்டில்தான் ஈடுகட்டப் பார்ப்பார். ஈஜோக் ரோட்டில் மணல் லோரிக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. இறக்கும் நேரக் கணக்கு போடும்போது டிரைவர்களையும் கூட உட்காரவை.

உன் லோரிகளின் நீள உயரமும், விற்பவர் கொடுத்த விலைப்பட்டியலும் அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பெர்ஜுந்தைக்காரன்