அடுத்த மாநாட்டைக் கிருஷ்ணகிரியில் நடத்துங்கள்

தமிழ்நாட்டில் திறந்த கல்விக்காக உழைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். யாரும் எடுத்து, திருத்தி, பகிரக்கூடிய பாடங்களை உருவாக்கும் திறந்த கல்விக்கு ஒரு மாநாடு என்றதும் சென்னை, கோவை என்றுதான் பேச்சு போகிறது. இந்த முறை எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

எங்கள் பகுதி ஆசிரியர்கள் பயிற்சித்தாள், வினாத்தாள், படவிளக்கம் என்று தயாரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவை பிடிஎஃப் கோப்புகளாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. யார் செய்தது என்று தெரியாது. திருத்திப் பயன்படுத்தலாமா என்றும் தெரியாது. 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்திலேயே எந்தக் கணினியிலும் தமிழைப் படிக்க உதவும் யூனிகோடு முறையை அரசு ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்வது இன்னும் நிற்கவில்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேர்டு கோப்பைத் திறந்தால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது.

2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு போட்டார்கள். நல்ல காரியம், பிள்ளைகள் வீடியோ பார்க்கிறார்கள். ஆனால் இலவசமாகப் பார்ப்பதோடு திறந்த கல்வி முடிந்துவிடாது. யுனெஸ்கோவின் 2019ஆம் ஆண்டுப் பரிந்துரை, மறுபடி பயன்படுத்தவும், மாற்றியமைக்கவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமை வேண்டும் என்கிறது. எனக்கு முக்கியம் அந்த மாற்றியமைக்கும் உரிமைதான். நெல் வயலை வைத்து விளக்கும் பாடத்தை, எங்கள் மாவட்டத்துத் தளி பக்கத்துப் பிள்ளைக்காக, ராகிக் காட்டையும் தக்காளித் தோட்டத்தையும் வைத்து நான் திருத்தி எழுத வேண்டும். அதைத் தயங்காமல் செய்ய, மூலக் கோப்பும் வேண்டும், உரிமமும் வேண்டும்.

அதனால் மேடைப் பேச்சைக் காலையில் ஒரு மணி நேரத்தோடு முடித்துவிடுங்கள். மீதி நேரம் முழுக்க மேசைகள் போடுங்கள். ஆசிரியர்கள் தங்கள் கோப்புகளோடு வரட்டும். ஒரு மேசையில் யூனிகோடுக்கு மாற்றட்டும். அடுத்ததில், பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டிச் சொல்லிவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் எது பொருந்தும் என்று கேட்டு முடிவு செய்யட்டும். படங்களுக்கென்றே தனியாக ஒரு மேசை கட்டாயம் வேண்டும். கூகுளில் கிடைத்த படத்தை எடுத்து ஒட்டுவதுதான் எல்லோர் வழக்கமும். அடுத்தவர் படத்துக்கு நாம் உரிமம் கொடுக்க முடியாது என்பதைச் சொல்லி, திறந்த உரிமப் படங்கள் கிடைக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் தேடுவது எப்படி, நாமே செல்போனில் எடுத்த படத்தைச் சேர்ப்பது எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். மாலையில் திறந்த உரிமத்தோடு, திருத்தக்கூடிய வடிவில், எத்தனை பாடங்கள் இணையத்தில் ஏறியிருக்கின்றன என்பதை வைத்து மாநாட்டை மதிப்பிடுங்கள்.

அப்புறம் தேதி. உலகத் திறந்த கல்வி வாரம் மார்ச்சில் வருகிறது. இங்கே அது பொதுத்தேர்வுக் காலம், ஒருவரும் வர முடியாது. ஆடிப்பெருக்கை ஒட்டியும் வேண்டாம், ஒகேனக்கல் கூட்டத்தில் பேருந்து கிடைக்காது. ஜூலையில் ஒரு சனிக்கிழமை சரியாக இருக்கும். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் சென்னை, பெங்களூரு, சேலம் சாலைகள் இங்கேதான் கூடுகின்றன, இரவிலும் பேருந்து உண்டு. உள்ளூர்க்காரர்களுக்குத்தான் சிரமம். அஞ்செட்டி போன்ற மலைப்பக்க ஊர்களுக்குத் திரும்ப வேண்டியவர்களை நினைத்து நான்கு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

முதன்மைக் கல்வி அலுவலருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, மாநாட்டுக்கு வருவதைப் பணியாகக் கணக்கிடும் ஓ.டி. அனுமதி வாங்கிக்கொடுங்கள். அது இல்லையென்றால், வர விரும்பும் பாதிப்பேர் வரமாட்டார்கள். நுழைவுக் கட்டணம் வேண்டாம். கைக்குழந்தையோடு வரும் ஆசிரியைகளுக்கு ஓர் அறை ஒதுக்குங்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கு, கன்னடம், உருது வழியில் கற்பிப்பவர்களும் இருக்கிறார்கள். பாடநூலைத் தாண்டி அவர்கள் கைக்கு வருவது மிகக் குறைவு. தமிழில் நாம் செய்ததை அவர்கள் மொழிபெயர்க்கவும், அவர்கள் செய்ததை நாம் எடுத்துக்கொள்ளவும் அவர்களுக்குத் தனி அமர்வு கொடுங்கள். அதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓரமாகத் தள்ளிவிடாதீர்கள்.

இடம் பார்ப்பது, சாப்பாடு, வெளியூர்க்காரர்கள் தங்க ஏற்பாடு ஆகியவற்றை நானும் என் சக ஆசிரியர்களும் பார்த்துக்கொள்கிறோம். உரிமம் பற்றியும் மென்பொருள் பற்றியும் பொறுமையாகச் சொல்லித்தரத் தெரிந்தவர்களை நீங்கள் அழைத்து வாருங்கள். பள்ளி திறந்ததும் வேலையைத் தொடங்க, மே மாதத்துக்குள் உங்கள் பதில் தேவை.

அன்புடன்,
கிருஷ்ணகிரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர்