கதவு திறக்கும் முன்பே

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முதுகுவலிக்கு மருத்துவரைப் பார்ப்பதை மட்டும் இன்னும் தள்ளிப்போடாதே.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சிறையிலிருந்து வெளியே வரும் ஒருவரை அச்சகத்தில் வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வைத்துக்கொள். ஆனால் அவர் வெளியே வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே. உள்ளே இருக்கும்போதே போய்ப் பார்த்துப் பேசி, வேலை உறுதி என்று சொல்லிவிடு.

ஆலோசகராக நான் உள்ளே செய்வது என்ன என்று நீ அடிக்கடி கேட்பாய். யார் சீண்டினால் கை ஓங்குகிறது, எப்போது குடிக்கத் தோன்றுகிறது, யாரோடு சேர்ந்தால் பழைய வம்பு தொடங்குகிறது என்பதை ஒருவர் தானாகவே கண்டுபிடித்துச் சொல்லும்வரை பொறுமையாகக் கேட்பதுதான் பாதி வேலை. அந்த நிமிடத்தில் வேறு என்ன செய்யலாம் என்று பேசியும் நடித்துப் பார்த்தும் பழகுவது மீதி. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற இந்த முறை மறுகுற்றங்களைக் குறைக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கும் இதில் முழு நம்பிக்கை உண்டு. ஆனால் உள்ளே சீண்டுகிறவர்களும் கொஞ்சம்தான், குடிக்கும் வழியும் கொஞ்சம்தான். கற்றுக்கொண்டது கைகொடுக்கிறதா என்பது வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் தெரியும்.

அந்த வாரங்கள் எவ்வளவு ஆபத்தானவை என்பது வெளியில் பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களுக்கு இருப்பதைவிட 12 மடங்குக்கும் அதிகம் என்றது. போதைப்பொருள் அளவு மீறியதுதான் முதல் காரணம். 2005-இல் அங்கே 30 மாநிலங்களில் விடுதலையானவர்களை ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில் 83 சதவீதம் பேர் மீண்டும் கைதானார்கள். விடுதலையானவர்களில் 44 சதவீதம் பேர் முதல் ஆண்டிலேயே கைதானார்கள். கைதானவர் எல்லோரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லைதான். ஆனாலும் கால் எப்போது வழுக்குகிறது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை மாலை விடுதலையாகும் ஒருவரை நினைத்துப் பார். அடையாள அட்டை இல்லை, படுக்க இடம் இல்லை, மாத்திரை தீர்ந்துவிட்டது, உதவி அலுவலகங்கள் எல்லாம் திங்கள்வரை பூட்டு. பழைய கூட்டாளி மட்டும் வண்டியோடு காத்திருக்கிறான். இதற்காகவே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வார இறுதிக்கு முன் விடுதலையாக வேண்டியவர்களில் உதவி தேவைப்படுவோரை ஓரிரு நாள் முன்னதாகவே விடலாம் என்கிறது அது. எவ்வளவு சின்ன மாற்றம், எவ்வளவு புரிந்து செய்தது!

நார்வேயில் சிறைக்குள் வரும் ஆசிரியர், மருத்துவர், நூலகர் எல்லோரும் சிறை ஊழியர்கள் அல்ல, வெளியே பொதுமக்களுக்குப் பணிசெய்யும் அதே அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். அதனால் கைதி வெளியே வரும்போது உதவி நடுவில் அறுந்துபோவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துப்போய்க் கைதிகளை விட்டு மிரட்டும் திட்டங்கள் அமெரிக்காவில் நடந்தன. ஆய்வு செய்தபோது, அப்படிப் போய்வந்த சிறுவர்கள்தான் போகாதவர்களைவிட அதிகம் தவறு செய்தார்கள் என்று தெரிந்தது. பயமுறுத்தித் திருத்திவிடலாம் என்று உன் அண்ணன் சொன்னால் இதை அவரிடம் சொல்.

உன் மனைவியின் பயம் நியாயமானது. அதை ஒதுக்கிவிடாமல் அவரையும் உட்கார வைத்துப் பேசு. முதல் சில மாதங்கள் கல்லாவைப் புதிதாக வேலைக்கு வருகிறவரிடம் விடாதே. வீண் சந்தேகம் வராமல் இருக்க அது அவருக்கும் நல்லது. வழக்கு விவரம் உன் மேற்பார்வையாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். நன்னடத்தை அலுவலரைப் பார்க்கவும் ஆலோசனைக்கு வரவும் சம்பளம் பிடிக்காமல் நேரம் கொடு. ஒருநாள் சொல்லாமல் வேலைக்கு வராமல் போனால், உடனே நீக்கிவிடாமல் முதலில் எனக்குப் போன் செய்.

அப்புறம், சந்திப்பு அனுமதிக்கு உன் அடையாள அட்டை நகல் ஒன்று வேண்டும். அவருக்கு விடுதலை நெருங்கிவிட்டது. இந்த மாதத்துக்குள் எந்த நாள் உனக்குத் தோதுப்படும் என்று எழுது, நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்