சுளுக்கு எப்படி இருக்கிறது?

குன்னூர்,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. மேலே "இங்கு அனைவரும் நலம்" என்று எழுதி அடித்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே, பழக்கத்தில் கை எழுதிவிட்டது. போனில் பேசினால் "மீட்டிங்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். பொங்கலுக்கு வந்து போனபிறகு மூன்று தடவைதான் பேசியிருக்கிறாய், அதில் இரண்டு தம்பியிடம். சரி, வேலை. மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியமா? உன் கை சுளுக்கு எப்படி இருக்கிறது?

வியாழக்கிழமை கோயமுத்தூர் போய் பிராங்கோஸ்கோபி எடுத்தாயிற்று, நுரையீரலுக்குள் டியூப் விட்டுப் பார்க்கிற டெஸ்ட். "சின்ன டெஸ்ட்தான்" என்று தம்பி சொல்லியிருப்பான். அவன் கேன்டீனில் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், அவனுக்கென்ன தெரியும்.

ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. முதல் பஸ்ஸில் பதினாலு வளைவும் வெறும் வயிற்றோடு. பர்லியாரில் காது அடைத்தது, மேட்டுப்பாளையம் தாண்டித்தான் திறந்தது. நர்ஸ் பொண்ணு ஊசி போட இடது கையைப் பிடித்தாள். "அந்தக் கையில குத்தக்கூடாது கண்ணு, நெறிக்கட்டி எடுத்த கை" என்றேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள். "என் மக பூனாவுல இருக்கா, முப்பது பேரை வேலை வாங்கறா" என்றேன். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லை, சிரித்தாள்.

முகமூடி வைத்து மருந்துப் புகை பிடிக்கச் சொன்னார்கள். அப்புறம் தொண்டையில் ஸ்பிரே, வேப்பங்கொட்டையை மென்ற மாதிரி கசப்பு. ஐந்து நிமிஷத்தில் எச்சில் விழுங்கினால் இறங்கிற்றா இல்லையா என்றே புரியவில்லை. மயக்க ஊசி போட்டும் முழுத் தூக்கம் வரவில்லை. மூக்கு வழியாக டியூபை விட்டு, உள்ளே உப்புத் தண்ணீர் ஊற்றி உறிஞ்சினார்கள். "இருமாதீங்கம்மா" என்கிறார் டாக்டர். இருமல் நம் பேச்சைக் கேட்குமா? சதையைக் கிள்ளி எடுத்தபோது ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் இரண்டு மணி நேரம் ஒரு வாய் தண்ணீர் தரவில்லை, மரத்த தொண்டையில் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடுமாம். எங்காவது காற்றுக் கசிகிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். சாயங்காலம்வரை சளியில் நூல் நூலாக ரத்தம். அது வரும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள்.

வலிக்கவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. 2018-ல் எனக்கும் வலிக்கவில்லை. மார்பில் கட்டி பட்டாணி அளவுதான் இருந்தது, தேய்த்தால் கரையும் என்று நீலகிரித் தைலத்தைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உன் சுளுக்கு வலிக்கிறதா, இல்லையா?

எடுத்த சதையை இரண்டுக்கும் பார்க்கிறார்கள். பழைய மார்புப் புற்றே என்றால் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று கட்டியின் குணத்தைச் சொல்லும் மூன்று டெஸ்டும் புதிதாகப் பார்க்கவேண்டுமாம். மார்பில் இருந்த குணம் நுரையீரலுக்குப் போனபிறகு மாறியிருக்கலாம், அதை வைத்துத்தான் மருந்து. இன்னொன்று டி.பி. ஸ்கேனில் இரண்டும் ஒரே நிழல் மாதிரி தெரியக்கூடுமாம். டி.பி.யாகவே இருக்கட்டும் என்று தந்தி மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன், அத்தையிடம் சொல்லிவிடாதே. டி.பி. என்றால் ஆறு மாத மாத்திரை, அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது, போட்டால் போய்விடும்.

மாத்திரை என்றதும் உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு "போட்டியாம்மா?" என்பாய், "போட்டேன்" என்பேன். 2021-ல் ஏழு மாதம் நான் போடவில்லை பாப்பா. வியாதி திரும்பி வராமலிருக்கத் தந்த லெட்ரோசோல் போட ஆரம்பித்ததிலிருந்து முட்டியும் விரலும் பிடித்துக்கொண்டன. அடுப்பு லைட்டரை அழுத்த முடியாமல் நின்று அழுதிருக்கிறேன். அஞ்சு வருஷம் விடாமல் போடவேண்டும் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் நிறுத்தினேன், விரல் மடங்கியது. ஆனால் மாசாமாசம் வாங்கினேன், நீ பில்லை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வாயே, அதற்காக. இருபத்தொரு அட்டை. சாமி படத்துக்குப் பின்னால் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படம் துடைக்கும்போது அதையும் துடைத்து வைக்கிறேன்.

2022-ல் தழும்பிலேயே திரும்பி வந்தபோது டாக்டர் மாத்திரை பற்றிக் கேட்டார். "ஒரு நாள் விட்டதில்லை டாக்டர், தினமும் நானே கேட்பேன்" என்று நீ முந்திக்கொண்டு சொன்னாய். நான் தலையாட்டினேன். அதனால்தான் வந்ததா என்று கேட்க இன்றுவரை வாய் வரவில்லை. நீ சம்பளமில்லா லீவு போட்டு நாலு மாதம் என்னோடு அலைந்தாய். போன் பண்ணுவதில்லை என்று உன்னைத் திட்டத்தான் இந்த லெட்டரை ஆரம்பித்தேன்.

வரும் வியாழன் ரிப்போர்ட். பாட்டிலைக் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைக்கப்போகிறேன். தம்பிக்கு இன்னும் தெரியாது.

பொங்கலன்று கொடியில் துணி போடக் கையைத் தூக்கினாய், முகம் சுளித்தாய். அப்புறம் யாரும் பார்க்காதபோது அக்குளில் கையை வைத்து வைத்துப் பார்த்தாய். நான் ஜன்னலில் இருந்தேன். சுளுக்கு என்றாய், சரி என்றேன்.

வர்க்கி ஒரு கிலோ கொரியரில் போட்டிருக்கிறேன். நொறுங்கியிருந்தால் குட்டிக்குப் பாலில் போட்டுக் கொடு. சுளுக்கைக் காட்டிவிட்டு டாக்டர் எழுதின சீட்டை போட்டோ எடுத்து அனுப்பு. பில் வேண்டாம்.

அம்மா