எடைக் குறைப்பு அறுவைக்கு முந்தைய மாலை: டெல்டா மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் வட்டாரங்களில் உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்கின்ற, செய்யத் திட்டமிடுகின்ற மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

அழைக்கும் மருத்துவமனைகளுக்குச் சென்று மயக்க மருந்து கொடுப்பவன் நான். என் கோரிக்கை ஒன்றுதான்: நோயாளியை முந்தைய நாளே நாங்கள் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

அண்மையில் ஒரு மருத்துவமனையில், டேபிளில் மல்லாந்து படுத்த நிலையில்தான் நோயாளியை முதலில் பார்த்தேன். டேப் வைத்துப் பார்த்ததில் கழுத்துச் சுற்றளவு 46 செ.மீ. இரவில் குறட்டைக்கு நடுவே அவருக்கு மூச்சு நின்று நின்று வருவதாக மனைவி சொல்லியிருக்கிறார். கேஸ் ஷீட்டில் அது ஏறவில்லை. மடித்த போர்வைகளைத் தோளுக்கும் தலைக்கும் அடியில் ஒவ்வொன்றாகச் செருகி, காதுத் துளையும் நெஞ்செலும்பின் மேற்குழியும் ஒரே மட்டத்துக்கு வந்த பிறகே ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்தேன். அறுவை மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தாமதத்துக்குக் காரணம் உண்டு. முன்கூட்டியே ஆக்சிஜன் நிரப்பினால், மயக்க மருந்தால் மூச்சு நின்ற பின் சராசரி உடல்வாகு உள்ளவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதமாக இறங்கச் சுமார் 8 நிமிடங்கள் ஆகும். மிகுந்த பருமன் உள்ளவருக்கோ 3 நிமிடங்கள்கூட ஆகாமல் போகலாம். வயிற்றின் கனம் உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரலில் இருப்புக் காற்று குறைவு. மேட்டூர் நீர்மட்டம் பார்த்துக் குறுவைக்கு நாற்று விடும் ஊரில், இருப்பறிந்து தொடங்க வேண்டியதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைப்பக்கத்தை 25 டிகிரி உயர்த்தி ஆக்சிஜன் கொடுத்தாலே அந்த அவகாசம் சற்று நீளும்.

மூச்சுக்காகத் தொண்டை வழியே குழாய் போடுவது கடினமாகுமா என்பதை எடையைவிடக் கழுத்தே நன்றாகக் காட்டிக்கொடுக்கும். கழுத்தளவு, வாய் திறக்கும் அளவு, தூக்கத்தில் மூச்சு நிற்கும் அபாயத்தைக் கணிக்கும் ஸ்டாப்-பேங் வினாப்பட்டியலின் 8 கேள்விகள் ஆகியவற்றுக்குக் கால் மணி நேரம் போதும். அந்தப் பட்டியலில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட ‘ஆம்’ வந்தால், அறுவை முடிந்த இரவுக்குக் கண்காணிப்புப் படுக்கையும் மாஸ்க் வழியே காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் கருவியும் தயாராக இருக்க வேண்டும். குழாயை எடுப்பதும் அவர் முழுமையாக விழித்து, சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான். குழாய் போடும்போது தொண்டையைத் திரையில் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப்பும், வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபும் பக்கத்தில் இருப்பதில் பேரம் பேசக்கூடாது. பிரிட்டனில் 2011இல் வெளியான தேசிய மூச்சுப்பாதைத் தணிக்கையும் முன்மதிப்பீட்டிலும் திட்டமிடலிலும் இருந்த குறைகளையே சுட்டிக்காட்டியது.

இது பெரும்பாலும் நாள் குறித்துச் செய்யும் அறுவை. முந்தைய மாலை ஓர் அழைப்பு வந்தால், கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்கு வந்து நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதில் எனக்குச் சிரமம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு மயக்கவியல் மருத்துவர்