ஜகார்த்தாவிலிருந்து ஒரு மெஸ்காரனுக்கு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. தீபாவளி ஒரு நாள் தவிர வருஷம் பூராவும் மெஸ்ஸை மூடவே இல்லை, இடுப்பு விட்டுப்போகிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து இங்கே சாப்பாட்டுக்கடைக்காரர்கள் தொழில் நடத்துகிற விதத்தை உனக்கு விவரமாக எழுத வேண்டும் என்று மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

"அங்கே என்னதான்டா சாப்பிடுகிறாய்?" என்று கேட்டிருந்தாய். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பலர் அபார்ட்மென்ட், ஆபீஸ், மால் என்றே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். இந்த ஊரில் மால்களுக்குப் பஞ்சமே இல்லை, உள்ளேயே எல்லா நாட்டுச் சாப்பாடும் கிடைக்கும். எனக்கு அது ஒட்டவில்லை. மதியமானால் ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற சந்துக்குள் நுழைந்து வார்டெக்கில் உட்கார்ந்துவிடுவேன்.

வார்டெக் என்றால் தெகல் ஊர்க்காரர்களின் சாப்பாட்டுக்கடை. தெகல் மத்திய ஜாவாவில் வடக்குக் கடலோரம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகத் தட்டுகள் இருக்கும்: இனிப்பும் காரமுமாகப் புரட்டிய தெம்பே (புளிக்கவைத்த சோயா கட்டி), மிளகாய் விழுதில் வதக்கிய கத்தரிக்காய், தேங்காய்ப்பாலில் வேகவைத்த பலாப்பிஞ்சு, முட்டை, பொரித்த மீன். பெஞ்சில் உட்கார்ந்து விரலை நீட்டினால் நீ காட்டியதை எல்லாம் சோற்றின் மேலே வைத்துத் தருவார்கள். பில் கிடையாது. பஜ்ஜி வகையறாவை நாமே எடுத்துத் தின்றுவிட்டு, எழும்போது எத்தனை தின்றோம் என்பதையும் நாமே சொல்ல வேண்டும், கடைக்கார அம்மா மனக்கணக்கில் தொகையைச் சொல்லிவிடுவார், அவ்வளவுதான்.

இதில் உனக்கான விஷயம் இனிமேல்தான். இந்த வார்டெக்குகளில் பலவற்றைச் சொந்தக்காரர்கள் முறைவைத்து நடத்துகிறார்கள். மூன்று நான்கு மாதம் அண்ணன் குடும்பம் கடையைப் பார்க்கும், அப்புறம் தம்பி குடும்பமோ மச்சினன் குடும்பமோ ஊரிலிருந்து வந்து சாவியை வாங்கிக்கொள்ளும், அண்ணன் ஊருக்குப் போய் வயலையும் பிள்ளைகளையும் கவனிப்பார். கை மாறுவதற்காகக் கடையை மூடுவதில்லை. விடியும் முன்னே அடுப்பு மூட்டி ராத்திரி வரைக்கும் நிற்கிற வேலையை வருஷம் முழுக்க ஒரே உடம்பு தாங்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தெகல்காரர்கள் மட்டுமில்லை, இந்த நகரத்துக்குச் சோறு போடுகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் வேறு ஏதோ ஒரு ஊர்க்காரர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாடாங் கடைகள் மேற்கு சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களுடையவை. அங்கே ஒரே கையில் தட்டு மேல் தட்டாகப் பத்துப் பன்னிரண்டை அடுக்கிக்கொண்டு வந்து கேட்காமலே மேஜையில் பரப்பிவிடுவார்கள், எதைத் தொட்டாயோ அதற்கு மட்டும் காசு. அங்கே ரெண்டாங் என்று ஒன்று, மாட்டிறைச்சியைத் தேங்காய்ப்பாலிலும் மசாலாவிலும் போட்டு பால் முழுக்க வற்றி எண்ணெய் பிரிந்து கறி கறுக்கும்வரை பல மணி நேரம் கிளறுவது. எலுமிச்சைப் புல்லும் பேரரத்தையும் விழுகிற மசாலா. இந்த ஊரில் நான் சாப்பிட்டதிலேயே இதற்கு ஈடு எதுவும் இல்லை.

இருட்டினால் நடைபாதையில் லாமோங்கான்காரர்களின் கூடாரம். கிழக்கு ஜாவாவில் இருக்கிற அந்த ஊரிலிருந்து வந்து கெளுத்தி மீனை மொறுமொறுவென்று பொரித்து, பச்சை முட்டைக்கோஸ், சம்பல் என்கிற மிளகாய் விழுதோடு தருவார்கள். கூடாரத்தின் முன்னால் மீனும் கோழியும் கையால் வரைந்த துணி தொங்கும், கண்ணைப் பறிக்கிற நிறங்களில். காபி சைக்கிளில் வரும். ஹாண்டில்பார் முழுக்க காபித்தூள் பாக்கெட் சரங்கள், பின்னால் வெந்நீர் பிளாஸ்க். அந்த வியாபாரத்தில் மதுரா தீவுக்காரர்கள் நிறைய.

பனைவெல்லம் போட்ட ஐஸ் காபி இப்போது எந்தத் தெருவில் திரும்பினாலும் இருக்கிறது. 2015-இல் தெற்கு ஜகார்த்தாவில் தொடங்கிய 'துக்கு' என்ற சின்னக் கடைதான் அதைப் பிரபலமாக்கியது. நன்றாகத்தான் இருக்கும், ஆனாலும் எனக்கு சைக்கிள் காபி போதும்.

உனக்காகவே ஒன்றை நின்று கவனித்தேன். கேத்தோப்ராக் என்று தள்ளுவண்டிப் பலகாரம். ஒருவர் கேட்டால் ஒருவருக்கு மட்டும்தான் அரைப்பார். குழிவில்லாத தட்டையான கல், வளைந்த பிடி வைத்த குழவி. "மிளகாய் எத்தனை?" என்பதுதான் முதல் கேள்வி. நீ சொன்ன எண்ணிக்கையில் பச்சை மிளகாய், பூண்டு, உப்பு வைத்து நசுக்கி, பொடித்த வறுத்த வேர்க்கடலை, பனைவெல்லம், கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார். அதே கல்லின் மேலேயே அரிசிக் கட்டி, பொரித்த டோஃபு, சேமியா, முளைப்பயறு எல்லாவற்றையும் போட்டுப் புரட்டி தட்டில் தள்ளி, மேலே கறுப்பு இனிப்பு சோயா சாஸ் ஊற்றி, ஒரு கை அப்பளம் நொறுக்கித் தூவுவார். சட்னியை விடியற்காலையிலேயே அண்டாவில் அரைத்து வைக்கிற நமக்கு அதன் வாசனை வேறு ரகம். நீ சைவம் என்பதால் சொல்கிறேன், சம்பலில் மட்டும் ஜாக்கிரதை, பெரும்பாலும் இறால் விழுது இருக்கும். சில சமயம் கீரையிலும் இருக்கும்.

பழைய சீனக் குடியிருப்பான குளோடோக்கில் ஒரு தேநீர்க் கடை வாசலில் எட்டுத் தேநீர்க் குடுவைகள் இருக்கும். போகிறவர் வருகிறவர் யாரும் ஊற்றிக் குடிக்கலாம், காசு வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதியின் சீனத் தலைவர் வீட்டில் வழிப்போக்கர்களுக்கு இப்படி வைத்தார்களாம், அதன் நினைவாகத் தொடர்கிறார்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன் வெளியூரிலிருந்து வந்தவர்கள் செய்த காரியம்.

ரமலானில் பகல் நேரத்தில் வார்டெக்கை மூடாமல் முன்னால் துணி கட்டிவிடுவார்கள், கீழே சாப்பிடுகிறவர்களின் கால் மட்டும் தெரியும். சாயங்காலம் நோன்பு திறக்கிற பலகாரத்துக்கு பெண்டுங்கான் ஹிலிர் பகுதியில் நிற்க இடம் கிடைக்காது, வெல்லப்பாகும் தேங்காய்ப்பாலும் விட்ட வாழைப்பழம் நான் தவறாமல் வாங்குவது. அப்புறம் பெருநாள் வந்தால் எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். மணிக்கணக்கில் நகராமல் நின்ற சாலைகள் காலியாகும். வார்டெக் இல்லை, கூடாரம் இல்லை, சைக்கிள் காபியும் இல்லை. அந்த வாரம் வீட்டில் இண்டோமீ நூடுல்ஸ்தான். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை, இத்தனை நாள் அடுப்படியில் நின்றவர்கள் அம்மா கையால் சாப்பிடப் போயிருக்கிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், உன் தம்பியிடம் பேசு. கோயம்புத்தூர் வேலை அவனுக்குப் பிடிக்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். நான்கு மாதம் அவன், நான்கு மாதம் நீ என்று வைத்துப் பாருங்கள். ருசி மாறிவிடும் என்று பயப்படாதே, மசாலா விகிதத்தை அவன் அம்மாவிடம் கற்றவன்தானே. சம்மதித்தால் முதல் லீவுக்கு இங்கே வா. மழை குறைந்திருக்கிற ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்லது, ஜூன் 22 இந்த நகரத்தின் பிறந்தநாள், அதையொட்டி இங்கே கெமாயோரான் பகுதியில் பெரிய பொருட்காட்சி நடக்கும். பாஸ்போர்ட் காலாவதி ஆகியிருந்தால் இப்போதே புதுப்பித்து வை. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்